அசையாத மனிதரும் திரையில் பெய்த மழையும்

சினிமாவுக்குப் போவது ரசிப்பதற்கல்ல, ரசிக்காமல் திரும்புவதற்கே என்று நம்பும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். அரங்கமே விசிலடிக்கும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்கள். டிராகன் பறந்தால் அது எதன் குறியீடு என்று யோசிப்பார்கள். பாராட்டை ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் செத்துப்போனவர்களுக்கு மட்டும் வழங்குவார்கள். மரக்காணத்தில் அப்படி ஒருவர், சிவஞானம்.

நாற்பது பாத்தி உப்பளம், அலமாரி நிறையத் தத்துவ நூல்கள். இரண்டில் எது அதிகம் கரிக்கும் என்பது மனைவி விஜயலட்சுமிக்குத்தான் தெரியும்.

பாண்டிச்சேரியில் ஓடிய வாள்வீச்சு மாயாஜாலப் படத்துக்கு அவள் அழைத்தபோது, உப்பளத்து ஆள் அரசப்பன் முன்னிலையிலேயே அறிவித்தார்:

“திரைங்கிறது வெறும் வெளிச்சம். அதப் பாத்து நான் ஏன் நாற்காலிய விட்டு எழுந்திருக்கணும்?”

“எழுந்துட்டீங்கன்னா, இனிமே நான் கூப்பிடுற படத்துக்கெல்லாம் வாயத் தொறக்காம வரணும். சரியா?”

“சரி.”

அரசப்பன் சாட்சிக்குக் கூடவே வந்தான்.

இடைவேளை வரை சிவஞானம் அசையவில்லை. நீல நெருப்பில் தோய்ந்த வாள் சுழன்றது. கோட்டை பூப்போல விரிந்தது. கதாநாயகி கூரைக்குக் கூரை நிழலாகத் தாவினாள். அழகுதான். அது அவருக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“அழகு இருக்குது. அர்த்தம் எங்க இருக்குது?”

“முறுக்கு இருக்குது, சாப்பிடுங்க.”

கடைசிச் சண்டை. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைச் சமவெளி, வரிசை வரிசையாக வெண்குவியல்கள். இயக்குநர் அதைப் பனி என்று நினைத்திருக்கலாம். மரக்காணத்துக் கண்ணுக்கு அது வாரிக் குவித்த உப்பு. அரக்கன் கையைத் தூக்கினான். வானம் கறுத்தது. தேங்காய் அளவுக்கு ஒரு துளி மெல்ல, மிக மெல்ல இறங்கியது. அரங்கம் விசிலடித்தது. உப்பளத்தில் யாராவது மழைக்கு விசிலடிப்பார்களா?

“டேய் அரசப்பா! தார்ப்பாய எடுடா! மொத்தமும் கரையுதுடா!”

சிவஞானம் நின்றுகொண்டிருந்தார். அரசப்பனோ அதற்குள் படிக்கட்டில் பாதி தூரம் ஓடியிருந்தான்.

“யோவ் பெருசு, உக்காரு! மறைக்குது!” என்றது பின்வரிசை.

உட்கார்ந்தார். விஜயலட்சுமியின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“எழுந்துட்டீங்க.”

“கால் மரத்துப்போச்சி.”

“வாயி ஏன் கத்துச்சி?”

சிவஞானம் மிச்சமிருந்த முறுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்ததும் அரசப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “படம் எப்படிங்க மொதலாளி?”

சிவஞானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “மழை... பரவாயில்ல.”

விஜயலட்சுமி சட்டென்று நின்றாள். இருபத்தாறு வருஷமாக அவள் வைக்கும் வத்தக்குழம்புக்குக்கூட அவ்வளவு புகழ் கிடைத்ததில்லை.

“அடுத்த வாரம் பேய்ப் படம்” என்றாள். அவர் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் வேறு இனம் என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஆனால் மேலே ஓரிடத்தில் சிரிப்பு வந்தபோது தொண்டையைச் செருமிச் சமாளித்தீர்களே, நாங்கள் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்? ரசிக்காமல் திரும்பும் எங்கள் வரிசையில் உங்களுக்கும் ஓர் இடம் போட்டு வைத்திருக்கிறோம்.