மின்விசிறி பிடிக்காத ஜின்

மருதமுனையில் இப்போது வைத்தியர் வீட்டு வாசலில் சைக்கிள் இல்லை. எல்லாச் சைக்கிளும் சாலிஹ் பாவாவின் தகரப் பந்தலுக்கு முன்னால். நாவிதன்வெளிக்காரர் உழவு மெஷினில் வருகிறார்கள். ஒலுவில்காரர் மீன் லொறியில் வருகிறார்கள். பாவாவிடம் ஒரு ஜின் இருக்கிறதாம். கவலையை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. இலக்கமிட்ட கதிரையில் காத்திருந்தால் போதும். உள்ளே போனதும் பாவாவே சொல்லிவிடுவார்.

ஜின்னுக்கு இரண்டு நிபந்தனைகள். கதிரையை நகர்த்தக் கூடாது. மின்விசிறி போடக் கூடாது. நெருப்பால் படைக்கப்பட்ட ஜின்னுக்குக் காற்று ஏன் ஆகாது என்று, வியர்த்துக்கொண்டிருந்த ஒருவரும் கேட்கவில்லை.

தறிக்காரர் பக்கீர் மகள் அம்ஹாவைக் கூட்டி வந்திருந்தார். அவளுக்கு வலிப்பு. வைத்தியர் தந்த குளிசையால் ஒரு வருஷமாக அடங்கியிருக்கிறது. சொல்லாமலே பாவா அதைக் கண்டுபிடித்துவிட்டால், அன்றோடு குளிசையை நிறுத்துவதென்று பக்கீரின் முடிவு. அவர் தங்கை ஆதிலா வழிநெடுகச் சண்டை பிடித்தபடியே கூட வந்திருந்தாள்.

அவர்களுக்கு முன்னால் மீராமுகைதீன் ஹாஜியார் உள்ளே போனார். மூட்டுவலிக்காரர். வெளிறித் திரும்பினார்.

“பாவா என்ன சொன்ன?” என்று கூட்டம் கேட்டது.

“கல்யாணம் முடிச்சு அஞ்சு வருஷமாப் புள்ள இல்லாத கவலையாம் எனக்கு. பெருநாளைக்குள்ள தரிக்குமாம்.”

“ஒங்கட பேரனுக்கே பொண் பேசுறாங்களே ஹாஜியார்.”

“அதத்தான் நானும் யோசிக்கன்.”

“ஜின் சொன்னாப் பிழைக்காது,” என்றார் ஒருவர். “ரெண்டாங் கல்யாணத்தச் சொல்லிரிக்கும்.”

கூட்டம் தலையாட்டியது. ஆதிலா மட்டும் பந்தலின் மறுமுனையைப் பார்த்தாள். அங்கே சுஹறா என்றொருத்தி கீச்சுக் குரலில் பக்கத்துப் பெண்ணிடம் அழுதுகொண்டிருந்தாள்: ஐந்து வருஷமாகப் பிள்ளையில்லை.

“காக்கா, ஹாஜியார்ர கதிரையில இரிங்க. வாயத் திறக்காதீங்க,” என்றாள் அண்ணனிடம்.

“ஏன்?”

“ஜின்னுக்கு எல்லாம் தெரியுமெண்டா நாம கதைக்கத் தேவல்லத்தானே.”

சுஹறாவை உள்ளே கூப்பிட்டதும் அவள் கதிரையில் ஆதிலா போய்க் குந்தினாள். குரலை இன்னும் மெல்லிசாக்கினாள். “என்ட எருமை ரெண்டும் கடலுக்க இறங்கிப் போயிட்டு, றப்பே.”

பக்கீரின் முறை வந்தது. மகளும் தங்கையும் கூடவே போனார்கள். பாவா கண்ணை மூடினார்.

“எருமை. ரெண்டு எருமை. கடலுக்க போகுது.”

“நான் தறி வெச்சிரிக்கன் பாவா,” என்றார் பக்கீர். “தறியில எருமை நெய்யிறல்ல.”

“அது உனக்குத் தெரியாத எருமை.”

“ஜின்னுக்குக் காது எங்க எண்டு பாப்பம்,” என்று ஆதிலா வெளியே வந்தாள். பந்தல் வளைமரத்தில் ஆறு கடதாசிப் பூக்கள், ஒரே இடைவெளியில். ஒன்றைப் பிய்த்தாள். உள்ளே மிளகளவு மைக். வயர் பின்னறைக்குப் போனது. அங்கே பாவாவின் மச்சான், ஹெட்போனும் லெப்டொப்புமாக, கதிரை இலக்கப்படி கேட்டுப் பாவாவுக்குச் சொல்ல.

விஷயம் அழகானது, களவுக்குப் போனதுதான் பாவம். ஒற்றை மைக் சந்தை இரைச்சலைத்தான் கேட்கும். ஆறை வரிசையாக வைத்தால், ஒரு கதிரையின் குரல் கிட்ட உள்ள மைக்கை முந்தியும் தூர உள்ளதைப் பிந்தியும் தொடும். முந்தியதைக் கணினி பிடித்துவைத்துப் பிந்தியதோடு சேர்க்கும். மீனவரின் அம்பாப் பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாகக் கரைவலை இழுப்பதுபோல அந்தக் குரல் மட்டும் பலக்கும். மற்றவை ஆளுக்கொரு நேரம் இழுத்துச் சோரும். கதிரை நகர்ந்தால் கணக்குப் பிழைக்கும்; விசிறி இரைந்தால் காது மங்கும்.

ஆனால் பாவா கஞ்சன். இருபது மைக் வேண்டிய நீளத்துக்கு ஆறு வாங்கினார். அம்பாவில் ஒரு தாளம் முழுதாகப் பிந்தியவனும் தாளத்தோடுதான் இழுப்பான்; பிந்தியது தெரியாது. கீச்சுக் குரலின் அலைகள் நெருக்கமானவை. மைக்குகள் தள்ளித் தள்ளி இருந்தால், ஓர் அலை முழுதாகப் பிந்தியதும் கணினிக்குச் சரியாகவே படும். அப்படித்தான் சுஹறாவின் கவலை ஹாஜியாரின் கதிரையில் வந்து குந்தியது.

“மைக்குக்குள்ளயும் ஜின் இரிக்கலாந்தானே?” என்று யாரோ கேட்டார்.

பக்கீர் அம்ஹாவின் கையைப் பிடித்தார். “நடங்க மகள்,” என்றார். “குளிசைக்கு நேரம்.”

பாவாவுக்கு ஆறு காதும் ஒரு கணினியும் தேவைப்பட்டன. நமக்கு இரண்டு காது. சத்தம் எதில் முந்தி விழுந்ததென்று கணக்குப் பார்த்துத் திசை சொல்லும் பொருள் இரண்டுக்கும் நடுவிலேயே, மண்டைக்குள் இருக்கிறது, இலவசமாக. அதைத் திசை பார்க்க மட்டுமா இறைவன் தந்தான்?