சாக்குக்குள் கிடந்த சீட்டு

யேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தம்பி சூசைதாசனுக்கு அக்கா மரியகொறற்றி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். முருங்கனில் நீயும் ரொஷேலும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். போனில் புத்தி சொன்னால் சிக்னல் இல்லை என்பாய், அதனால் எழுதி, உன் வெறுஞ்சாக்குக்குள் வைத்து பஸ்ஸில் அனுப்புகிறேன்.

வருசா வருசம் அறுவடை முடிய உன் வயல் அரிசி வரும், நான் முதல் சோறு ஆக்கி அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பேன். இந்த முறையும் சாக்கைப் புறக்கோட்டையில் இறக்கி, ஓட்டோவில் ஏற்றி வந்து, "என்ர தம்பி விளைவிச்சது" என்று லேன் முழுக்கக் கேட்கச் சொல்லிக்கொண்டு அவிழ்த்தால், பக்கத்து வீட்டு றிப்னா கையை விட்டு ஒரு கம்பனிச் சீட்டை எடுத்தாள். "கொறற்றி அக்கா, இது பொன்மலர் அரிசி. எங்கட கடையிலயும் இதுதானே விக்கிறது." கடை அரிசியை உன் சாக்குக்கு மாற்றத் தெரிந்த உனக்குச் சீட்டை எடுக்கத் தெரியவில்லை. உன் நெல் ஆலைக்குப் போய், பையில் ஏறி, திரும்ப உன் ஊர்க் கடைக்கு வந்து, பிறகு கொழும்புக்கும் வந்திருக்கிறது. நான்கூட இவ்வளவு ஊர் பார்க்கவில்லை.

போன் எடுத்துக் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "மெசின் வெட்ட வெட்ட வரம்பிலேயே லொறி நிண்டது அக்கா. ஈரநெல்லோட ஏத்திப்போட்டாங்கள். நாங்களும் கடை அரிசிதான் தின்னுறம்." விதை கம்பனி தருமாம், எந்த நாளில் எந்த மருந்து அடிப்பதென்று போனில் வருமாம். "அப்ப நீ கமக்காரனோ, கம்பனியின்ர காவல்காரனோ?" என்று பகிடிக்குத்தான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. "எனக்கும் விளங்கேல்ல அக்கா. என்ர வயலுக்கு நானே விருந்தாளி மாதிரிப் போய் வாறன்" என்றாய்.

வெள்ளிக்கிழமை கம்பனிக்காரர் வாற காலபோக விதைப்புக்கு ஐந்து ஏக்கருக்கும் கையெழுத்துக் கேட்டு வருகிறார், ஒரு ஏக்கரிலாவது அந்தக் காலத்துச் சிவப்பு நெல் மொட்டைக்கறுப்பன் போட ஆசை, ஆனால் விளைச்சல் பாதிதான், சாய்ந்தால் மெசின் வெட்டாது, ஊரும் சிரிக்கும் என்கிறாய். தம்பி, நாலு ஏக்கருக்கு மட்டும் கையெழுத்து வை. அது கம்பனியின் பேச்சைக் கேட்கட்டும். மற்ற ஏக்கர் உன் பேச்சைக் கேட்கட்டும். ரொஷேல்தான் கேட்பதில்லை, வயலாவது கேட்கட்டுமே. சாய்ந்தால் அரிவாளால் வெட்டு, உன் தொப்பை வண்டியும் கொஞ்சம் வற்றும். ஊர் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி.

கொச்சிக்கடை அந்தோனியார் உங்கள் எல்லோரையும் காக்கட்டும், அந்த ஒரு ஏக்கரைப் பூச்சியிடமிருந்தும் காக்கட்டும்.

உன் அக்கா,
மரியகொறற்றி

பி.கு.: சிவப்பரிசி வருகுதாம் என்று கேள்விப்பட்டு லேனில் பதினொரு வீட்டுக்காரர் பெயர் தந்துவிட்டார்கள். ஒரு ஏக்கர் காணாது, இரண்டாகப் போடு. எங்கள் வீட்டுக்கு மட்டும் கடை அரிசியே போதும். மகன் கிளைவ் சிவப்புச் சோற்றைத் தொடமாட்டான். மாதா சாட்சியாக, நானும்தான்.