மாமன் மடியில் பிளாஸ்டிக் வேண்டாம்

வேண்டாம் அண்ணா. பிளாஸ்டிக் விரிப்பு வேண்டாம். இந்துவின் காதுகுத்துக்கு நீங்கள் பட்டு வேட்டியே கட்டிக்கொண்டு வாருங்கள். மடியில் துண்டுகூடத் தேவையில்லை.

போனில் நீங்கள் அதைக் கேட்டபோது அவள் என் இடுப்பில் இருந்தாள். அதனால்தான் "இங்க மழையே இல்லீங்ண்ணா" என்று சம்பந்தமில்லாமல் சொல்லிவிட்டு வைத்தேன். அவளை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஐந்து வயது. எல்லாம் காதில் விழுகிறது. எனவே கடிதம். கோவிந்தாபுரத்திலிருந்து ஆனைமலைக்கு, இரண்டு மாநிலத் தபால்காரர்கள் கைமாறி வரும். அதற்குள் பிளாஸ்டிக் வாங்கிவிடாதீர்கள்.

அன்புள்ள அண்ணாவுக்கு. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். இங்கு அனைவரும் நலம். அண்ணி நலமா? எருமை கன்று போட்டதா? முறை முடிந்தது.

பாவாடையிலேயே ஆகிவிடுவதை இந்து வேண்டுமென்று செய்யவில்லை. எப்போதோ ஒருமுறை வெளிக்குப் போகும்போது வலித்திருக்கிறது. பயந்து அடக்கினாள். அடக்கியது இறுகியது. இறுகியதைச் சுற்றி இளகினது கசிந்துவிடுகிறது. அவளுக்கே தெரியாமல். "கொழுப்புங்க, வேற ஒண்ணுமில்ல" என்றார் என் மாமியார். கொழுப்பு இல்லை. விளையாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று பாவாடையைப் பின்னால் பிடித்துக்கொண்டு சுவரோடு சுவராக நிற்பாள். அப்படி நிற்கும்போது மட்டும் அவளுக்கு ஐம்பது வயது.

டாக்டரம்மா தண்ணீரில் கலக்கிக் கொடுக்க ஒரு பொடி எழுதித் தந்து, சாப்பிட்ட கையோடு உட்கார வையுங்கள், திட்டாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், முக்கியமாகக் கால் தொங்கக் கூடாது, எதன்மீதாவது ஊன்றியிருக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார், எங்கள் வீட்டில் இருப்பதோ மாமனாரின் முட்டிவலிக்காகப் போட்ட உயரமான கக்கூஸ், அதில் உட்கார்ந்தால் இந்துவின் கால் கிணற்றுக்குள் தொங்குகிற மாதிரி தொங்கும், மாமனார் அன்று சாயங்காலமே பரண் ஏறி மணையை இறக்கிக் கொண்டுபோய் அதன் முன்னால் போட்டுவிட்டார், மாமியார் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, நாம உக்காந்து தாலி கட்டுன மணைங்க அது."

"ஆமா. அன்னிக்கு நாம உக்காந்தம், இன்னிக்கு புள்ள கால வெக்கறா. என்ன கொறஞ்சு போச்சு?"

"கக்கூசுலயா?"

"அதும் நம்ம ஊட்டுக்குள்ளதான இருக்குது."

மாமியார் அவரோடு பேச்சை நிறுத்தினார். ஆனால் மணை வழுக்காமல் இருக்க அடியில் சாக்கு மடித்துப் போட்டது யாரென்று நினைக்கிறீர்கள்? மாமியாரேதான்.

அடுத்தது ஊதல். எதையாவது ஊதினால் வயிறு தானாக அமுங்கிக் கொடுக்குமாம். சோப்புக் குமிழி வாங்கித் தந்தேன். குடித்துவிட்டாள். மாமனார் கொல்லங்கோட்டுத் திருவிழாவிலிருந்து ஒரு பீப்பி வாங்கி வந்தார். நாதஸ்வரத்துக்குச் சளி பிடித்த மாதிரி ஒரு சத்தம். கால் மணையில், பீப்பி வாயில். ஊதினாள், ஊதினாள். வந்தது. வலிக்கவில்லை. கதவில் ஒரு நட்சத்திரம் ஒட்டினேன்.

அன்றிலிருந்து பீப்பிச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு ராசம்மாள் வேலியோரம் வந்து நிற்கிறார்.

"ஏங்கண்ணு, ஆச்சா?"

"ஆச்சுங்க!"

பால்காரருக்கும் தகவல் போகிறது. குழந்தையை வெட்கப்பட வைக்காதீர்கள் என்றார் டாக்டரம்மா. வைக்கவில்லை. வெட்கம் எனக்கு மட்டும்தான். மாமனார் தனக்கும் நட்சத்திரம் வேண்டும் என்றார். "எனக்குந்தான் ரெண்டு நாளா செரியில்ல புள்ள. இன்னிக்குத்தான் ஆச்சு." ஒட்டினேன். பீப்பியை மட்டும் இந்து அவருக்கு இரவல் தர மாட்டேன் என்றுவிட்டாள்.

அங்கன்வாடி ஜிஷா டீச்சரிடம் மாற்றுப் பாவாடை ஒன்று கொடுத்து வைப்பேன். தினமும் அவள் போட்டுப்போனது அலசி ஈரமாகத் திரும்பும். "சாரமில்ல சேச்சி", பரவாயில்லை அக்கா என்று, யாருக்கும் தெரியாமல் பையைக் கொடுப்பார். இந்த வாரம் மாற்றுப் பாவாடையே நான் மடித்த மடிப்போடு திரும்பி வந்தது. மோந்து பார்த்தேன். சோப்பு வாசனை. சமையலறையில் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஆகவே அண்ணா, பிளாஸ்டிக் வேண்டாம். அவ்வளவு பேர் நடுவே உங்கள் மடியில் அது சரசரத்தால் அவளுக்குப் புரிந்துவிடும், மாமனே நம்பவில்லை என்று. மறுபடி சுவரோரம் போய் நிற்பாள். ஒன்றும் ஆகாது. நான் பொறுப்பு.

அண்ணிக்கு என் அன்பு. எருமைக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். உங்கள் வேட்டிக்கு நம் குலசாமி துணை.

தங்கை,
யோகப்பிரியா

பி.கு.: மேலே எழுதியது எதுவும் செல்லாது. இதை மடிக்கும்போது எதிர் மண்டபத்தில் கல்யாண நாதஸ்வரம் ஆரம்பித்தது. இந்து தின்றுகொண்டிருந்த முறுக்கை அப்படியே வைத்துவிட்டுக் கக்கூசுக்கு ஓடினாள். காதுகுத்துக்கு நீங்கள் கொண்டுவரும் சீரே நாதஸ்வரம்தான். நீங்கள் உட்காரப் போவதும் அதே மணை. வீட்டில் வேறு மணை இல்லை. ஆசாரி கம்பியை எடுத்ததும் கெட்டிமேளம் கொட்டும்.

நாதஸ்வரக்காரரை உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செண்டை மேளத்துக்கு நான் இங்கே ஆள் பார்க்கிறேன். செண்டைக்கு அவள் இன்னும் எதுவும் பழகவில்லை. வேட்டி இரண்டாக எடுத்து வாருங்கள். அதையும் மீறி அவள் எழுந்தால் பிடிக்காதீர்கள் அண்ணா. "மாமன் கெட்டியாப் புடிங்க" என்று எல்லோரும் கத்துவார்கள். விட்டுவிடுங்கள். அவளாக எழுந்து ஓட வேண்டும் என்பதற்குத்தான் இத்தனை பாடும்.

உள்ளேயிருந்து "அம்மா, பீப்பி!" என்று கூப்பிட்டாள். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தேன்.