மில் இல்லாத மாலை

"ஏங்க, டீ ஆறுது!"

மனைவி சமையலறையிலிருந்து சாதாரணமாகத்தான் சொன்னாள். காலி வீட்டில் அது இடி மாதிரி விழுந்தது.

கணக்கர் சாய்வு நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "மெதுவாப் பேசுடி! கீழே கேட்கும்!"

இது அதைவிடப் பெரிய இடி.

இருவர் மேலும் தப்பில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடித்தனம். ரகசியமானாலும் அங்கே கத்தித்தான் சொல்லியாக வேண்டும். இப்போது மாற்றலாகி, இன்று காலையில்தான் இந்த ஊரில் வந்து இறங்கியிருந்தார்கள். அலையாய் அலைந்து பிடித்த வீடு. சாவியைக் கொடுக்கும்போதே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "கீழ்வீட்டுப் பெரியவருக்குச் சத்தம்னாலே ஆகாது. உங்களுக்கு முன்னாடி இருந்த தையல்காரக் குடும்பத்தைச் சண்டை போட்டே கிளப்பிட்டாரு. அவர் புகார் சொன்னா நீங்களும் காலி பண்ண வேண்டியதுதான்."

பெட்டிகளை நாளைக்குப் பிரிக்கலாம், இன்று சாயங்காலம் ஹாயாக ஒரு குட்டித் தூக்கம் போடலாம் என்பது கணக்கரின் திட்டம். டீயைக் குடித்தார். கண்ணை மூடினார். திரும்பிச் சாய்ந்தார். ம்ஹூம்.

"ஏதோ குறையுதே!"

"மில்லு," என்றாள் மனைவி, தன்னால் முடிந்த அளவு மெல்ல.

அதுதான். ஆபீஸ் விட்டு வந்து இந்த நாற்காலியில் விழுந்தால், கீழே பெல்ட் ஓட ஓடத் தரை நடுங்கும், நாற்காலி நடுங்கும், கிளாசுக்குள் ஸ்பூன் கிணுகிணுக்கும். யாரோ முதுகில் தட்டித் தூங்கவைப்பது போலிருக்கும். இப்போது கல்யாணமாகிப் போய்விட்ட மகள், தொட்டிலில் கிடந்த காலத்தில் மில்லுக்கு லீவு விட்டால் தூங்காமல் வீல் வீலென்று அலறியிருக்கிறாள். நாற்காலிக் கைப்பிடியின் இடுக்கில் இன்னும் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. விரலால் எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அந்த ஃபேனையாவது போடு."

புது ஃபேன். மூச்சுக்கூட விடாமல் சுற்றியது.

"வாஷிங் மெஷினைப் போட்டுப் பார்ப்போமா?"

"கீழே இருக்கிறவரு?"

"அடியில போர்வையை மடிச்சு வச்சிடலாம். சத்தம் இறங்காது."

அந்த மெஷினுக்கு ஒரு கால் சாமான் ஏற்றிவந்த லாரியிலேயே ஒடிந்து போயிருந்தது. துணியில்லாமல் ஓடவிட்டார். டக்கடக், டக்கடக். தரை நடுங்கியது. நாற்காலியும் நடுங்கியது. கணக்கரின் முகம் மலர்ந்தது.

"மில்காரர் மிளகாய் அரைக்கிறாரு போல," என்று மனைவியும் ஒரு பெட்டிமேல் தலைசாய்த்தாள்.

இருவரும் சொக்கிப்போன நேரத்தில், மூன்றுகால் மெஷின் போர்வையில் வழுக்கி நடக்க ஆரம்பித்தது. நேரே போய்ப் பாத்திரப் பெட்டியை முட்டித் தள்ளியது. அண்டா, தட்டு, கரண்டி எல்லாம் அறை முழுக்க உருண்டன.

"பிடிங்க!"

"கத்தாதே!"

"நீங்கதான் கத்துறீங்க!"

கணக்கர் மெஷினைக் கட்டிப்பிடித்தார். அது அவரையும் இழுத்துக்கொண்டு நடந்தது. மனைவி பாய்ந்துபோய் பிளக்கைப் பிடுங்கினாள். ஒரு மூடி மட்டும் தரையில் வெகுநேரம் சுழன்று, பிறகு படுத்தது.

அமைதி.

மாடிப்படியில் தடதடவென்று காலடி. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"லாரிக்காரன் ஊருக்குத் திரும்பியிருப்பானா?" என்றார் கணக்கர். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு உண்மையான கிசுகிசுப்பு வந்தது.

கதவைத் திறந்தால், கீழ்வீட்டு அம்மாள் மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சிடுங்கம்மா. வேற வீடு கிடைக்காது எங்களுக்கு. இனிமே ஒரு சின்னச் சத்தம்கூட..."

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க தம்பி! தையல் மெஷின் போனதிலிருந்து அந்த மனுஷன் பொட்டுத் தூக்கம் தூங்கல, என்னையும் தூங்கவிடல. இன்னிக்குத்தான் குறட்டையே விட்டாரு, நீங்க நிறுத்தினதும் புரள ஆரம்பிச்சிட்டாரு, முழிக்கிறதுக்குள்ள மறுபடியும் போடுங்க!"