தலை இடிக்கும் மாடிப்படி

பலராமன் கிரிவலம் போகத் தொடங்கியதில் அண்ணாமலையாரே கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருப்பார். இருபது வருடமாகக் கட்டட சூப்பர்வைசர். ஆனால் வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூட ஸ்கூட்டரில்தான் போவார். அப்படிப்பட்டவர் 2007-இல் ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் மனைவியிடம் அறிவித்தார்.

"கஸ்தூரி, இனிமே வாரத்துல மூணு நாளு மலை சுத்தப் போறேன்."

"நல்லா போய்ட்டு வாங்க" என்று திருநீறு பூசி அனுப்பினாள் கஸ்தூரி.

அவர் போனது தேரடிப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு. கட்டுமான மேலாண்மைச் சான்றிதழ் இல்லாதவர் அடுத்த வருடம் முதல் சூப்பர்வைசராக இருக்க முடியாது என்று கம்பெனியில் உத்தரவு. நல்லவேளையாக, இன்டர்நெட்டிலேயே படிக்க ஒரு படிப்பு இருந்தது. பாதி மதிப்பெண் பாடத்துக்கு, பாதி வேலை அனுபவத்துக்கு. பலராமன் பத்தாவதோடு நின்றவர். கஸ்தூரியோ ப்ளஸ் டூ பாஸ். தோற்றுப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? ஜெயித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

பாடமெல்லாம் எப்படியோ ஓடியது. அனுபவத்தில்தான் மாட்டிக்கொண்டார். "உங்கள் வேலையில் நீங்கள் செய்த ஒரு தவறையும், அதைத் திருத்தும் விதத்தையும் கைப்பட எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பவும்" என்று கேள்வி. பலராமன் பெருமையாக ஒரே வரி எழுதினார்: "என் வேலையில் தவறு நடந்ததே இல்லை."

மறுநாளே பதில் வந்தது. "பூஜ்யம். ஞாயிறு வரை இன்னும் ஒரு வாய்ப்பு."

மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தவறு ஞாபகம் வராமல் இல்லை. தினமும் அதில்தான் தலையை இடித்துக்கொள்கிறாரே! சொந்த வீட்டு மாடிப்படிக்கு மேலே ஓடும் பீமைப் போதிய உயரத்தில் வைக்க மறந்துவிட்டார். "குனிஞ்சு ஏறினா பணிவு வரும்னுதான் இப்படிக் கட்டினேன்" என்று வருகிறவர்களிடம் ஒன்பது வருடமாகச் சமாளித்து வருகிறார். பணிவு வரவில்லை, வீக்கம்தான் வந்தது. அதை எழுதிக் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. ஞாயிறும் போய்விட்டது.

திங்களன்று பயந்துகொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து! "மாடிப்படித் தவறை மிக நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள். நீங்களே வாக்களித்தபடி இடித்துக் கட்டி, போட்டோ அனுப்பியதும் சான்றிதழ் வரும்."

பலராமன் வீட்டுக்குப் பறந்தார். கஸ்தூரி மாடிப்படியில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா எழுதன?"

"பின்ன, அண்ணாமலையாரா எழுதுவாரு? நேத்து மத்தியானம் நீங்க தூங்கசொல்ல சென்டருக்குப் போய் அனுப்பிட்டு வந்தேன்."

"நான் படிக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"சந்தேகம் வந்து ஒரு நாளு பின்னாடியே வந்து பாத்துட்டேன். பதினாலு கிலோமீட்டர ஒண்ணரை மணி நேரத்துல, அதுவும் செருப்பு போட்டுக்கினு சுத்திட்டு வர்ற ஆளு இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான்."

"சரி, பாஸ்வேர்டு?"

அவள் பின்பக்கச் சுவரைக் காட்டினாள். அளவுகளையெல்லாம் சுவரிலேயே குறித்துப் பழகிய கை, பாஸ்வேர்டையும் அங்கேயே சிவப்புப் பென்சிலால் எழுதி, அடியில் ரெண்டு கோடும் போட்டு வைத்திருந்தது.

"சிரிப்பியோன்னுதான் சொல்லல" என்றார் மெதுவாக.

"எதுக்குச் சிரிக்கணும்? இந்த வயசுல எங்க வூட்டுக்காரரு படிக்கறாருன்னு பக்கத்து வூட்டு மணியம்மாள் கிட்ட பெருமையா சொல்லிக்கினு இருக்கேன். எழுத்துதான் என்னுது. தப்பு பூரா உங்களுதுதான்."

பலராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"உனக்கு இன்னா வேணும் கேளு கஸ்தூரி. இன்னைக்கே செய்றேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். ஒம்பது வருஷமா உங்க தலைக்கு ஒத்தடம் குடுத்துக் கை ஓஞ்சிபோச்சி. இடிச்சிக் கட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டீங்களா?"

கஸ்தூரி படிக்கட்டுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இப்ப வாத்தியாரே சொல்லிட்டாரு. ஆரம்பிங்க."