பெரியப்பாவின் குப்பைத்தொட்டியை நான் காலி செய்த விவரம்

டாலிகஞ்ச்,
ஞாயிறு.

அன்புள்ள மாதங்கி அக்காவுக்கு,

அநேக நமஸ்காரம். இங்கே பெரியப்பா, காமு பெரியம்மா இருவரும் சௌக்கியம். நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய புதுக் கம்ப்யூட்டரும் சௌக்கியம். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய் என்பதால் எழுதுகிறேன்.

பழைய கம்ப்யூட்டரில் இருப்பதைப் புதியதற்கு மாற்றுவது அரை மணி நேர வேலை என்றாய். நானும் அப்படித்தான் நினைத்து நியூ டவுனிலிருந்து வந்தேன். திறந்தால் ஒரு ஃபோல்டர்கூடக் கிடையாது, திரை முழுக்க நூற்றுப்பதினெட்டு ஐகான், எல்லாவற்றுக்கும் வெறும் நம்பர்தான் பெயர். எனக்கு எரிச்சல். இதில் ரீசைக்கிள் பின் வேறு நிரம்பி வழிந்தது. குப்பையை எதற்குச் சுமக்க வேண்டும் என்று முதல் வேலையாக அதைக் காலி செய்தேன். காப்பி பண்ணும் எவனும் அதைத்தான் செய்வான். பெரியப்பா பூஜையை முடித்துக்கொண்டு வந்து, திரையைப் பார்த்து, "போனவாளெல்லாம் எங்கேடா?" என்றார்.

அக்கா, உனக்கு இது தெரியுமா? அந்தத் திரை கல்கத்தா. மேலே டம்டம், வலது மூலையில் நியூ டவுன், அடியில் டாலிகஞ்ச். ஒரு ஐகான் ஒரு ஆள். இங்கே இருக்கிற நம் ஜனங்களின் பெயர், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் அதற்குள். யாராவது வீடு மாறினால் ஐகானை இழுத்துப் புது வீட்டில் வைப்பார். யாராவது காலமானால் உள்ளே திதியை எழுதி ரீசைக்கிள் பின்னில் போடுவார். "வேற எங்கே போடறது? அவாளும் திரும்பி வரப் போறவாதானே" என்கிறார். ஒவ்வொரு திதிக்கும் முதல் நாள் அந்தந்த வீட்டுக்குப் போன் பண்ணி ஞாபகப்படுத்துகிறவர் இவர்தான். இவர் போன் வரும் என்ற தைரியத்தில் யாரும் எதையும் குறித்துவைத்துக்கொள்வதில்லை. அறுபத்துமூன்று பேர். ஒரு கிளிக்.

மீட்டெடுக்கிற புரோகிராமை ஓடவிட்டேன், இரண்டு நாள் ஆகும் என்றது. "நாளைக்கு யாருக்கோ திதி இருக்கே" என்றார் பெரியப்பா. "யாருக்கு?" என்றேன். "உங்கப்பா திதி என்ன, அதைச் சொல்லு பார்ப்போம்." தெரியவில்லை, அக்கா. எம்.டெக். படித்தவன், பதினோரு வருஷமாகத் திதி கொடுக்கிறவன், பேந்தப் பேந்த முழித்தேன். அவர் திட்டவில்லை. "மாசி, சுக்லபட்சம், ஏகாதசி. டைப் பண்ணு" என்றார்.

பிறகு பழைய திரையில் விரலை வைத்து டம்டமிலிருந்து தெருத் தெருவாக இறங்கினார். ஒவ்வொரு ஐகானாகத் தொட்டு, அந்த வீட்டில் யார் போனார், எந்த மாசம், எந்தப் பட்சம், எந்தத் திதி, சில பேருக்கு அன்றைக்கு மழை பெய்ததா என்பதுவரை சொன்னார். நியூ டவுனுக்கு வந்ததும் விரல் நின்றது. "நாகலக்ஷ்மி ஆத்துக்காரர்! ஆனி தசமி. நாளைக்குத்தான்!" உடனே அந்த மாமிக்குப் போன். மாமி, "உங்க போனுக்குத்தான் காத்துண்டிருந்தேன்" என்றாளாம். என் விரல் டைப் அடித்து வலித்தது, அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆபீஸில் பெரிய பெரிய சர்வரெல்லாம் பார்க்கிறவன் நான். எழுபத்தாறு வயதில் ஓட்டையே இல்லாத இப்படி ஒரு மெமரியை எங்கேயும் பார்த்ததில்லை. எழுந்து சேவித்துவிட்டேன். "கீபோர்டை மிதிக்காதே" என்றார்.

புதுக் கம்ப்யூட்டரிலும் கல்கத்தாவை அதனதன் இடத்தில் அடுக்கிவிட்டோம். ஒருவர் பாக்கியில்லை. நீ கவலைப்படாதே. அத்திம்பேருக்கு என் நமஸ்காரம், குழந்தைக்கு ஆசி.

இப்படிக்கு,
உன் தம்பி அபினவ்

பி.கு.: கடிதத்தை அனுப்புமுன் அந்தப் புரோகிராம் முடிந்துவிட்டது. அறுபத்துமூன்றையும் ஒப்பிட்டேன், ஒரு பிழை இல்லை. ஆனால் மீண்டு வந்தது அறுபத்துநாலு. மேலே ஓட்டையே இல்லை என்று எழுதியதை அடித்துவிடு. அறுபத்துநாலாவது ஆள் கரியாஹாட் சுந்தரேசன் மாமா. போன வாரம்தான் அவர் மார்க்கெட்டில் மாங்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பெரியப்பாவிடம் கேட்டேன். "அவனா! பன்னண்டு வருஷம் முன்னாடி ஒரு சண்டை. கோபத்துல தூக்கி அதுல போட்டேன், அப்படியே மறந்துட்டேன்."

"என்ன சண்டை?"

"அதைத்தான் யோசிச்சுண்டிருக்கேன். வெளில எடுத்துக் கரியாஹாட்ல வை… இரு, இன்னும் கொஞ்சம் நம்மாத்துப் பக்கமா இழு."