எள்ளுருண்டையோடு போன சிலிக்கோன் துண்டு

நாரந்தனை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மருமகள் தாரிகாவுக்கு மாமா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் மாமியும் சுகம். கிணறுதான் சுகமில்லை.

உமது ஆய்வுகூட அறிக்கை கிடைத்தது. எங்கள் கிணற்றில் டீசல் இல்லையாம். பக்கத்துக் காணியில் மிரோஜன் வள்ளத்துக்கென்று அடுக்கிய எண்ணெய்ப் பீப்பாய்கள் ஒழுகி, வாளித் தண்ணீரில் வானவில் மிதப்பதைத் தினமும் பார்க்கிறேன். உமது கடதாசியைக் கண்டதும் பிரதேச சபை அதிகாரி எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த பவுசர் வண்டியை நிறுத்திவிட்டார். மிரோஜன் அதில் ஒரு பிரதியைத் தன் படலையில் ஒட்டிவிட்டு, "வாத்தியார், இனி என்ர பீப்பாயைக் குறை சொல்ல ஏலாது" என்கிறான். என்னிடம் படித்தவன்.

குற்றம் உம்மில் இல்லை. நீர் விளக்கமாகத்தான் சொன்னீர். சாப்பாட்டுப் பெட்டியின் ரப்பர் வளையத்தில் கருவாட்டு மணம் ஏறுவது போல, சிலிக்கோன் துண்டு ஒரு மாதம் கிணற்றில் தொங்கி எண்ணெய்ப் பொருள்களை உறிஞ்சும். நீங்கள் அதைக் கரைப்பானில் ஊறவைத்து, உறிஞ்சியதைத் திரும்ப எடுத்து, வாயு நிறப்பகுப்பு இயந்திரத்துக்குள் விடுவீர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் துடியாட்டக்காரர் முதலிலும் சோம்பேறிகள் கடைசியிலும் படலையால் வருவது போல ஒவ்வொன்றும் தன் தன் நேரத்துக்கு வெளியே வரும், ஆளைப் பிடித்துவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க, தண்ணீரே காணாத இன்னொரு துண்டையும் அதேமாதிரித் தகரப் பேணியில் தந்தீர். எல்லாம் விளங்கினது. கிணற்றுத் துண்டை நானே எடுத்து நானே மூடினனான். கெடுத்தது உமது மாமி. நான் பூசைக்குப் போன நேரம் ஜசிந்தா பேணியைத் திறந்து, துண்டைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மேலே நாலு எள்ளுருண்டையும் வைத்து மூடியிருக்கிறாள். "வாங்கின பேணியை ஊத்தையாயும் வெறுமையாயும் திருப்பிக் குடுக்கிறதோ? டீசல் டீசல் எண்டியள், இதில ஒரு மணமும் இல்லையே" என்றாள். "உன்ர மூக்குக்குத் தெரியாது, இயந்திரத்துக்குத் தெரியும்" என்று ஏசினேன். கழுவினாலும் கருவாட்டு மணம் போகாதுதானே என்று உருண்டைகளை மட்டும் எடுத்துவிட்டு, கொழும்புக்கு நண்டு ஏற்றும் அன்ரனிதாசின் வான் வண்டியில் அனுப்பினேன். உமது இயந்திரத்துக்குச் சவர்க்கார வாசனையும் நல்லெண்ணெயும்தான் தெரிந்தன.

அறிக்கை வந்த ஒன்பது நாளாக நானும் அவளும் கதைக்கிறதில்லை. பவுசர் இல்லாதபடியால் கிணற்றுத் தண்ணீரில்தான் சமையல்.

நீர் கேட்டபடி, ஒப்பிடுவதற்கான மற்றத் துண்டை இத்துடன் அனுப்புகிறேன். அது என் அலுமாரியில், என் திறப்பால் பூட்டியபடி, ஒருவர் கையும் படாமல் இருக்கிறது. கவனம் என்றால் என்னவென்று அதைப் பார்த்து விளங்கிக்கொள்ளும். உமக்கும் உமது இயந்திரத்துக்கும் ஆண்டவர் நல்ல மூக்கைத் தருவாராக.

அன்பு மாமா,
பிலிப்பு
(ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்)

பி.கு.: அலுமாரிப் பேணியின் மூடியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தேன். அறை முழுக்க டீசல் மணம். கிணற்றுத் துண்டு இதுதான். மாமி கழுவியது தண்ணீரே காணாத துண்டு. இரண்டு பேணியிலும் நான் பெயர் எழுதவில்லை. பெயர் எழுதாத விடைத்தாளுக்கு முப்பத்தொரு வருடம் பூச்சியம் போட்டவன் நான், மிரோஜனுக்கும் போட்டிருக்கிறேன். உடனே சோதித்து அறிக்கையைத் திருத்தும். இப்போதுதான் ஜசிந்தா கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, "மணக்குதோ?" என்று கேட்டாள். ஓம் என்றால் பேணி மாறியது எல்லாவற்றையும் சொல்லவேண்டும். இல்லை என்று சொல்லிக் குடித்தேன்.